வேலைக்குப் போகும் நாயின் வயிறு

விடிந்தும் விடியாத நேரத்தில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இறங்கி, நாய்கள் வெளிக்குப் போன இடத்தைப் பார்த்துவிட்டு வருவேன். அடுப்பு, தேநீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை எல்லாம் அதற்கப்புறம்தான். "காலங்காத்தால பாக்கிற பொருளா இது" என்று மாமியார் ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டார். இப்போது நான் ஊரில் இல்லாத நாளில் அவரே போய்ப் பார்த்துவிட்டு, "கருப்பனுக்குக் கொஞ்சம் இளக்கமா இருக்கு" என்று போனில் சொல்கிறார்.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம். சரிவெல்லாம் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு. தோட்டத்துத் தேயிலை மலை முடிகிற இடத்தில் எங்கள் பாத்திகள் தொடங்கும், பாத்திகள் முடிகிற இடத்தில் காடு தொடங்கும். கிழங்கு முற்றுகிற வாசனை எப்படித்தான் தெரியுமோ, அந்த வாரமே காட்டுப்பன்றி இறங்கிவிடும். ஒரு குடும்பம் பன்றி ஒரே ஓர் இரவு புகுந்தால் போதும், மூன்று மாத உழைப்பு காலையில் உழுது போட்ட நிலமாகக் கிடக்கும். சுருக்குக் கம்பி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பன்றிக்குக் கட்டிய கம்பியில் சிறுத்தை மாட்டிச் சாவது மஸ்கெலியா, ஹட்டன் பக்கமெல்லாம் நடந்திருக்கிறது. எங்கள் வீட்டில் கம்பி கட்டுவதில்லை. நாய்கள்தான் காவல்.

இரவு எட்டு மணிக்கு என் கணவர் காவல் கொட்டிலுக்குப் போவார். கருப்பனும் ராணியும் கூடப் போகும். பன்றி வந்தால் சரிவில் ஏறுவதும் இறங்குவதும் வடிகால் கான் தாண்டுவதுமாக விடிய விடிய ஓட்டம். சில இரவு ஒன்றுமே வராது. சில இரவு நான்கு தடவை வரும். காலையில் ஐந்து மணிக்குத் திரும்பி வரும்போது இரண்டின் விலாவும் துருத்திபோல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

வேலை செய்யும் நாய் என்றால் நம் நாட்டில் பலருக்கும் கண்டி அஸ்கிரியவில் இருக்கும் பொலிஸ் நாய்கள்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலம் என்றால் வெள்ளைக்காரர்களின் வேட்டை நாய்கள். ஹோட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி இருக்கிறதே, அந்தப் பெயருக்கு உரிய சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி, நாய்க் கூட்டம் வைத்து மரை வேட்டையாடியவர். அவருடைய நாய்களின் பெயர்கள்கூட எழுத்தில் இருக்கின்றன. லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு நாய்களின் பெயரை யாரும் எழுதி வைத்ததில்லை. பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் இரவு முழுக்கக் காவல் இருந்தவை அவைதான். அதனால் ஒரு பெயரை இங்கே எழுதி வைக்கிறேன். வீரன்.

வீரன் என் அப்பாவின் நாய். அப்பா தோட்டத்தில் இரவு வாச்சர். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது வீரன் நான்கைந்து நாள் சாப்பிடாமல் கிடந்து, தார் மாதிரிக் கறுப்பாகப் போய், வாந்தி எடுத்துச் செத்தது. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். யார் என்றும் சொன்னார். கீழ் லயத்தில் இருந்த ஒரு மாமா. அந்த மாமாவின் கோழியை வீரன் இரண்டு தடவை பிடித்திருந்தது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றது. அப்பா இறக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இதை இப்போதைக்கு இங்கே வைத்துவிட்டு கருப்பனிடம் வருகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில், கருப்பனுக்கு வயிறு கெட்டது. முதலில் இரவு வேலை முடிந்து வரும் காலைகளில் மட்டும் இளக்கம். அப்புறம் சளி போலக் கொழகொழவென்று. அப்புறம் அதில் சிவப்பாக ஒரு இழை. சாப்பாடு குறையவில்லை, ஆனால் முதுகெலும்பு எண்ணலாம் போல மெலிந்துகொண்டே வந்தது. நான் என் பாட்டி வழி கொய்யாக் கொழுந்தை அவித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் திரும்பும்.

அப்புறம் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பார்மசியில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மலையகத்தில் நாய்க்கு வயிற்றுப்போக்கு என்றால் அந்த மாத்திரைதான், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். உடனே நின்றது. நானும் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை முடிந்து பத்து நாளில் முன்னைவிட மோசமாகத் தொடங்கியது. மறுபடி ஒரு சுற்று. மறுபடி அதே கதை.

பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தவறைத்தான் அதிகம் பேர் செய்கிறோம். நாயின் பெருங்குடலில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, ஈரலிலிருந்து வரும் பித்தத்தை உருமாற்றி, கெட்ட கிருமிகள் தலையெடுக்காமல் அடக்கி வைக்கிறது. மெட்ரோனிடசோல் இந்த நல்ல வகையையும் சேர்த்து அடித்துவிடும். மருந்தை நிறுத்திப் பல வாரம் ஆனாலும் சில நாய்களில் அது பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் நான்கைந்து நாளில் தானாகவே அடங்கக்கூடியது. நாம் மாத்திரை கொடுத்த நாளும் அது தானாக அடங்கும் நாளும் ஒன்றாக வந்துவிடுவதால் மாத்திரைக்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

மாத்திரை கைவிட்டதும் பொடிக்குப் போனேன். டவுனில் ஒரு கடையில் நாய்களுக்கான புரோபயோட்டிக் பொடி இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. முப்பது சின்னப் பைக்கற்று, எங்கள் ஒரு வார மரக்கறிக் காசு. கடைக்காரர் "இது போட்டா வயிறு இரும்பு மாதிரி ஆயிடும்" என்றார். ஒரு மாதம் ஒரு நாள் தவறாமல் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். திகதி முடிந்து ஐந்து மாதம். அதன்மேல் விலை லேபலை ஒட்டியிருந்தார்கள். புரோபயோட்டிக் என்பது உயிருள்ள கிருமி. ஒரு வேளைக்குக் கோடிக்கணக்கில் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் பயன். செத்த பொடியை ஒரு மாதம் நான் நம்பிக்கையோடு பிசைந்து ஊட்டியிருக்கிறேன். அன்று வந்த கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது, காசுக்காக அல்ல, அந்த ஒரு மாதத்தில் கருப்பன் இழந்த எடைக்காக.

கடைசியில் பேராதனைக்குப் போவது என்று முடிவு செய்தோம். பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தோடு சேர்ந்த ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். கண்டிக்குக் கரட் ஏற்றிப் போகும் லொறியில் நானும் அவரும் கருப்பனும் இரவு ஏறினோம். றம்பொடை வளைவுகளில் கருப்பன் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. புசல்லாவை தாண்டியதும் என் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனது. பழைய பழக்கத்தில், என் சேலைத் தலைப்பில் ஒரு நெருப்புப் பெட்டியும் அதற்குள் மடித்த பொலித்தீனில் அன்றைய மலமும் இருந்தது. அதைத்தான் டொக்டர் முதலில் வாங்கினார்.

டொக்டர் சிங்களத்தில் பேசினார். இறுதி ஆண்டு மாணவன் ஒருவன், வவுனியாப் பிள்ளை, தமிழில் கேட்டுச் சொன்னான். நான் என்ன மருந்து கொடுத்தேன் என்று கேட்பார்கள் என்று வரிசையாக மனத்தில் வைத்திருந்தேன். முதல் கேள்வி அதுவல்ல.

"எத்தனை மணிக்குச் சோறு போடுவீங்க அக்கா?"

"ராத்திரி ஏழரைக்கு. வேலைக்குப் போறதுக்கு முன்னால. வயிறு நிறைய."

"வேலை எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

அவன் அதைச் சொன்னதும் டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

மனிதனானாலும் நாயானாலும் ஓடும்போது இரத்தம் கால் தசைகளுக்கு ஓடுகிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் போக வேண்டிய பங்கு குறைந்துபோகிறது. குடலின் உள்சுவர் ஒரே வரிசைக் கலங்களால் ஆனது, நூல் சேலை போல மெல்லியது. அது சில நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இரத்தம் வேண்டும். நெடுநேரம் இரத்தம் குறைந்தால் கலங்களுக்கு இடையிலான இறுக்கம் தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய கிருமி நஞ்சு வெளியே இரத்தத்தில் கசிகிறது. இரைப்பையிலும் அப்படித்தான். அமிலத்திலிருந்து சுவரைக் காக்கும் சளிப்படலம் மெலிந்து புண் வருகிறது. இப்படி ஒரு நிலையில், ஒரு கிலோ சோற்றையும் உள்ளே திணித்து, சரிவில் ஏறி ஓடு என்று நான் கருப்பனை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இதை அதிகம் ஆராய்ந்தது அலாஸ்காவில். அங்கே இடிடரோட் என்று ஒரு பந்தயம், பனியில் வண்டி இழுக்கும் நாய்கள் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் ஓடும். பந்தயத்தின்போது ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு 10,000 கிலோகலோரிக்கு மேல் தேவைப்படும். பெரிய நாய்கள்கூட அல்ல, நம் நாய்களைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். பந்தயம் ஓடிய நாய்களின் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய பாதி நாய்களுக்குப் புண்ணோ இரத்தக் கசிவோ இருந்தது. வெளியே பார்த்தால் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருந்தன, வாலாட்டிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு. குடல் கசிவதையும் அதே நாய்களில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுத்த நாய்களில் புண்கள் குறைவாக இருந்தன.

"வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தன" என்பதில்தான் என் மனது நின்றது. வேலை செய்யும் நாய் வலியைக் காட்டாது. கணவர் டோர்ச்சை எடுத்தால் கருப்பன் எழுந்து நிற்கும். வயிற்றில் புண்ணோடும் எழுந்து நிற்கும்.

நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடி முத்துக்கள் போல நீள்வட்டமாக, உள்ளே நான்கைந்து கலங்களோடு முட்டைகள். கொக்கிப்புழு. குடல் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு பக்கம் ஓட்டத்தால் இரத்தம் குறைந்த குடல், மறுபக்கம் அதையே கடிக்கும் புழு. கருப்பனின் ஈறு வெளிறியிருந்ததை நான் மழைக் குளிர் என்று நினைத்திருந்தேன்.

கொக்கிப்புழுவுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. நாயையும் மனிதனையும் ஒருசேரப் பிடிக்கும் ஒரு வகைக்கு இலங்கையின் பெயரையே வைத்திருக்கிறார்கள், அன்சைலோஸ்டோமா சைலானிக்கம். 1911 இல் இங்கிருந்த ஒரு மரநாயின் குடலிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது அது. 1916 இல் ரொக்ஃபெலர் நிறுவனத்தின் உதவியோடு இந்த நாட்டில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியபோது தோட்டங்கள்தான் முக்கியமான களமாக இருந்தன. வெறுங்காலோடு கொழுந்து பறித்த நம் ஆட்களின் இரத்தத்தை எத்தனை தலைமுறை அந்தப் புழு குடித்தது என்று நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. ஈர மண், நிழல், சுற்றிலும் மலம், வெறுங்கால். புழுவுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதன் குஞ்சு தோலைத் துளைத்தே உள்ளே போய்விடும். நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பதை நான் இப்போது நாய்க்கான செலவாகக் கணக்கெழுதுவதில்லை. அதே முற்றத்தில்தான் என் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

அங்கே கொடுத்தது மூன்று நாள் ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து, இரண்டு வாரம் ஒமெப்ரசோல், இரும்புச் சத்து, ஒரு மாதம் வேலையில்லாத ஓய்வு. அளவு எல்லாம் எடை போட்டுக் கொடுத்தது, அதனால் இங்கே எழுதவில்லை. உங்கள் நாய்க்கு வேண்டியதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

இனி சாப்பாடு. இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நாய்க்குச் சோறே ஆகாது, இறைச்சி மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று இப்போது ஒரு பேச்சு பரவுகிறது. அது சரியில்லை. ஓநாயிடம் மாப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு இரண்டு பிரதிகள்தான் உண்டு. நாய்களிடம் அது பல மடங்கு, சிலவற்றில் முப்பது வரை. 2013 இல் இதைக் கண்டு எழுதினார்கள். மனிதன் சோறும் ரொட்டியும் தின்னத் தொடங்கிய காலத்திலிருந்து மிச்சத்தைத் தின்று நம்மோடு வந்ததால் நாயின் உடம்பே மாறியிருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏனோ நெஞ்சு நெகிழ்ந்தது. நம் குருணல் சோற்றைத் தின்னத் தக்கதாக ஒரு மிருகம் தன் இரத்தத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் செரிப்பது வேறு, அதை மட்டும் வைத்து வேலை வாங்குவது வேறு. கணக்கைப் பாருங்கள். கருப்பன் 20 கிலோ. சும்மா படுத்திருந்தாலே 660 கிலோகலோரி வேண்டும். இரவெல்லாம் ஓடினால் அதில் இரண்டரை மடங்கு, 1,600 அளவு. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130. அப்படியானால் சோற்றை மட்டும் வைத்து நிரப்ப ஒரு கிலோவுக்கு மேலே, 1.2 கிலோ. அவ்வளவும் ஒரே வேளை. சிறுகுடலால் முடிக்க முடியாத மாப்பொருள் பெருங்குடலுக்குத் தள்ளப்பட்டு அங்கே புளிக்கிறது. வாயு, இளக்கம், அவசரம். நாயின் நெடுநேர ஓட்டத்துக்கு முக்கிய எரிபொருள் கொழுப்பு. அதே எடைக்கு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தருவதும் அதுதான். சோற்றைப் பாதியாகக் குறைத்து, கோழித் தோல், முட்டை, சாளை மீன் சேர்த்தபோது சட்டியின் கனம் குறைந்தது, கருப்பனின் எடை ஏறியது.

இதை ஒரே நாளில் செய்யாதீர்கள். கொழுப்பைத் திடீரென்று கூட்டினால் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். எந்தச் சாப்பாட்டு மாற்றமும் ஒரு வாரத்துக்குக் குறையாமல், பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதில் கொஞ்சம் கூட்டி. குடலில் இருக்கும் கிருமிகளும் அந்தச் சாப்பாட்டுக்குப் பழக வேண்டும் அல்லவா.

நம் வீட்டு மிச்சக் கறியில் வெங்காயம் இருக்கும். அது நாயின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும், ஏற்கெனவே புழுவால் இரத்தம் குறைந்த நாய்க்கு அது இன்னொரு அடி. கருவாட்டுத் தலையை இரண்டு தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுத்தான் போடுவேன். எலும்பில்லாத சாப்பாடு என்றால் முட்டைக்கோதைக் காயவைத்து அம்மியில் பொடித்துக் கலப்பேன், சுண்ணாம்புச் சத்துக்கு.

நேரத்தை முழுதாக மாற்றினோம். பெரிய சாப்பாடு காலையில், வேலை முடிந்து வந்து, மூச்சு அடங்கி, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் போனபிறகு. மாலை நான்கு மணிக்கு அதில் கால் பங்கு, கஞ்சி போல. எட்டு மணிக்கு வேலைக்குப் போகும்போது இரைப்பை கிட்டத்தட்டக் காலி. "வெறும் வயித்தோட வேலைக்கு அனுப்புறியே" என்று மாமியார் வருத்தப்பட்டார். நாய் நம்மைப் போல மூன்று வேளைக்குக் கட்டுப்பட்ட உடம்பு இல்லை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்கப் பல நாளானது. ராணி ஒல்லியாக, நெஞ்சுக்கூடு ஆழமாக இருக்கும். அப்படிப்பட்ட உடல்வாகுள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து வேறு இருக்கிறது, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஒரே வேளையில் நிறையப் போடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சத்துப் பொடிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் அதற்கு எதிரியில்லை. நல்ல புரோபயோட்டிக் வேலை செய்யும். பயிற்சியில் இருந்த வண்டி இழுக்கும் நாய்களுக்கு நல்ல கிருமியும் அதற்குத் தீனியான நாரும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013 இல் வந்தது. அந்தக் கொட்டடியில் வயிற்றுப்போக்கு பரவியபோது அதைச் சாப்பிட்ட நாய்கள் மற்றவற்றைவிடக் குறைந்த நாட்களே அவதிப்பட்டன. ஆனால் எந்த வகைக் கிருமி, எவ்வளவு, உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் பலன். தயிர் போதாதா என்பார்கள். எருமைத் தயிரில் ஒரு கரண்டி கெடுதல் செய்யாது, பாலைவிட எளிதில் செரிக்கும். என் நாய்கள் விரும்பித் தின்கின்றன. ஆய்வில் கொடுத்த கிருமியும் தயிரில் இருக்கும் கிருமியும் ஒன்றல்ல என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

நான் காசு கொடுத்து வாங்காத நார்தான் எங்கள் வீட்டில் அதிகம் உதவியது. அவித்து மசித்த பூசணிக்காய், ஒரு நாய்க்கு இரண்டு மேசைக்கரண்டி. பெருங்குடல் கிருமிகள் இந்த நாரைத் தின்று சில கொழுப்பமிலங்களைத் தருகின்றன. அவற்றில் ஒன்று பியூட்டிரேட். பெருங்குடல் சுவர்க் கலங்களுக்கு அதுதான் சோறு. அதாவது நாய்க்கு நாம் ஊட்டுகிறோம், நாயின் குடலுக்கு அந்தக் கிருமிகள் ஊட்டுகின்றன. சளியும் சிவப்பு இழையுமாகப் போவது பெருங்குடலின் குறை, அதற்கு இசப்கோல் உமியும் நல்லது, டொக்டர்களே தருவார்கள். மீன் எண்ணெய் அழற்சியைக் குறைக்கும் என்றார்கள். நாங்கள் வாரம் நான்கு நாள் சாளை போடுவதால் தனியாக வாங்கவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன மாதங்களில் எந்தப் பொடியையும் வாங்க முடியவில்லை. பூசணிக்காயும் சாளையும் பூச்சி மருந்தும் நேர ஒழுங்கும் மட்டும்தான் இருந்தன. அந்த வருடம் இரண்டு நாய்க்கும் வயிறு கெட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் கானில் கிடந்த எதையோ தின்றதால்.

ஓட்டம் குடலுக்குப் பகை என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். கட்டிப்போட்ட நாய்க்கும் வயிறு கெடும், மன அழுத்தத்தில். அளவான ஓட்டம் குடலை அசைத்துக் கொடுக்கும், மலச்சிக்கல் வராது. கெடுதல் செய்வது திடீர் ஓட்டம். அறுவடை முடிந்து இரண்டு மாதம் முற்றத்தில் படுத்திருந்த நாயைக் கிழங்கு முற்றியதும் ஒரே இரவில் முழு வேலைக்கு விடுவோம். இப்போது கிழங்கு முற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே கணவர் மாலைகளில் மேல் மலைவரை நடத்திக் கூட்டிப்போகிறார், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் தூரம் கூட்டி. இரண்டு இரவு வேலை, ஓர் இரவு ஓய்வு. ஓய்வு இரவுக்காகத்தான் மூன்றாவதாக மணியை வளர்த்தோம்.

மலத்தைப் பார்க்கும்போது நான் தேடுவது இவ்வளவுதான். கையில் எடுத்தால் உருவம் கலையாமல் வர வேண்டும், நிலத்தில் ஒட்டக்கூடாது. அளவு கொஞ்சமாக, அடிக்கடி, சளியோடு என்றால் பெருங்குடல். நிறைய, தண்ணீராக, மெலிவோடு என்றால் சிறுகுடல். சிவப்பு இரத்தம் கீழே இருந்து வருகிறது. கறுப்பு, தார் போல என்றால் மேலே, இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிந்து, செரித்து வருகிறது. அப்படிக் கண்டால் காத்திருக்கவே கூடாது.

அந்தக் கறுப்பைப் பற்றி வவுனியாத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு கேள்வி கேட்டான். "நொண்டுச்சுன்னா மனுசர் போடுற வலி மாத்திரை ஏதும் குடுத்தீங்களாக்கா? டைக்ளோஃபெனக், புரூஃபன் மாதிரி?" இல்லை என்றேன். கொடுத்துவிடாதீர்கள் என்றான். அந்த மாத்திரைகள் இரைப்பையின் காப்புச் சளியை உண்டாக்கும் வேலையையே நிறுத்திவிடும். மனிதன் தாங்குவதை நாய் தாங்காது. ஓடி ஓடி ஏற்கெனவே புண்ணான வயிறென்றால் ஓட்டையே விழும். கறுப்பாகப் போகும், வாந்தி எடுக்கும், சாப்பிடாது, நான்கைந்து நாளில் முடிந்துவிடும்.

நான் அங்கிருந்த மரப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீரன் அப்படிச் சாப்பிடாமல் விழுந்து கிடக்கும் முன் ஒரு வாரமாகப் பின்னங்கால் நொண்டியது. அப்பாவுக்கு முழங்கால் வலி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியை அவர் சாப்பிடாமல் வைத்து, ரொட்டித் துண்டில் பொதிந்து வீரனுக்குக் கொடுத்தார். காலையும் மாலையும். நான்தான் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன். தன் வலியைப் பொறுத்துக்கொண்டு அதற்குக் கொடுத்தார். அந்த ஒரு வாரமும் இரவு வேலைக்கும் அது போனது.

வீட்டுக்கு வந்து பல நாள் யாரிடமும் சொல்லவில்லை. கருப்பன் தேறி, ஒன்றரை மாதத்தில் இரண்டு கிலோ ஏறி, தை மாதம் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை கரட்டும் ஒரு கோவாவும் எடுத்துக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனேன். மாமாவுக்கு எண்பதுக்குக் கிட்ட. வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிய நேரம் எடுத்தது. அப்பா பெயரைச் சொன்னதும் எழுந்து நிற்கப் பார்த்தார். உட்காரச் சொல்லி, மாத்திரை விசயத்தை முதலிலிருந்து சொன்னேன். அப்பா செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

அவர் வெகுநேரம் கம்பளியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா அந்த நாயத் தோள்ல தூக்கிக்கிட்டுத்தானம்மா பொதைக்கப் போனாரு. நான் இங்க நின்னு பாத்தேன். கூட வந்து குழி வெட்டியிருப்பேன். வரவுடல."

அப்புறம் உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். தேத்தண்ணி வரும்வரை எங்கள் காலடியில் ஒரு செவலை நாய் வந்து படுத்தது. விலா எலும்பு தெரிந்தது. நான் குனிந்து அதன் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தேன். வெளிறியிருந்தது.

"இதுக்குக் கடைசியா எப்ப பூச்சி மருந்து குடுத்தீங்க மாமா?" என்று கேட்டேன்.